நாலு கரண்டி, நானூறு சாடி

மாமா சைப்ரஸ் தீவின் லிமசோலிலிருந்து போட்ட கடிதத்தை அம்மா இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கும்போதே, நான் உறையின் மூலையைக் கிழித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன். 1988. எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் தபால்தலை சேர்க்கும் பையன்கள் ஆறேழு பேர் இருந்தோம், அதில் வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கும் தாய்மாமன் உள்ளவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கால் மணி நேரத்தில் இரண்டு தபால்தலைகள் கழன்று மிதந்தன. ஒன்றில் மரக்கப்பல், ஒற்றைச் சதுரப் பாய் விரித்து நிற்கிறது. இன்னொன்று நகத்தளவுக்குச் சின்னது, கறுப்பு, முள்கம்பிக்கு முன்னால் ஒரு குழந்தை குந்தி உட்கார்ந்திருக்கிறது. கப்பலைச் செய்தித்தாளில் ஒற்றி ஆல்பத்தில் ஒட்டினேன். சின்னதை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும், அதனால் கிண்ணத்துத் தண்ணீரோடு வாய்க்காலில் ஊற்றிவிட்டேன்.

மாமா கடிதத்தின் கடைசியில் எனக்கென்று ஒரு வரி எழுதியிருந்தார். "ஸ்டாம்பில் இருக்கும் கப்பலைப் பார், நம் தாத்தா தோணி போல இருக்கும்."

தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் சின்னப் படகு கிடையாது. டன் கணக்கில் சரக்கு ஏற்றிக் கடல் தாண்டும் மரக்கப்பல். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போய் வந்தது, இன்றும் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டட சாமானும் கொண்டு போகிறது. தண்டல் என்றால் அதன் தலைவர். மாமா தோணியில் தொடங்கி இரும்புக் கப்பலுக்கு மாறியவர். அவருக்கு எந்த மரக்கலத்தைப் பார்த்தாலும் தாத்தா தோணியாகத்தான் தெரியும், அதனால் நான் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த ஆல்பம் அகப்பட்டது. முப்பது சொச்சம் வருடம் கழித்துத்தான் இது என்ன கப்பல் என்று தேடிப் பார்த்தேன். தேடப்போய் மாதக்கணக்கில் இதிலேயே கிடந்தேன், வீட்டில் திட்டும் வாங்கினேன்.

கப்பலுக்குப் பெயர் கிடையாது. அதாவது, அதை ஓட்டியவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ, அது நமக்கு வந்து சேரவில்லை. சைப்ரஸ் தீவின் வடகரையில் கைரீனியா என்று ஒரு சின்னத் துறைமுக ஊர், அதற்கு ஒரு மைல் கிட்டத்தில் மூழ்கிக் கிடந்ததால் கைரீனியா கப்பல் என்கிறார்கள். மூழ்கி ஏறத்தாழ 2,300 வருடம் ஆகிறது. அலெக்சாண்டர் செத்து, அவருடைய தளபதிகள் ராஜ்ஜியத்தைப் பங்கு போட்டு ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருந்த காலம். அரசன் கப்பலோ போர்க்கப்பலோ அல்ல. துறை துறையாகப் போய்ச் சரக்கு இறக்கி, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு அடுத்த துறைக்குப் போகும் சாதாரணச் சரக்குக் கலம்.

கண்டுபிடித்தவர் ஆந்திரேயாஸ் கரியோலு என்ற உள்ளூர் முக்குளிப்பவர். 1965 நவம்பரில் கடற்பஞ்சு எடுக்க இறங்கியிருக்கிறார். மேலே காற்று பலத்து, அவருடைய படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. நங்கூரத்தின் பின்னாலேயே அடியில் போனவரின் கண்ணில் ஒரு குவியல் பட்டது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில், கடற்புல்லுக்கு நடுவில், சாடி மேல் சாடியாக. படகோ நிற்கவில்லை. மேலே வந்து கரையில் எந்தக் குன்று எந்தக் கட்டடத்துக்கு நேராகத் தெரிகிறது என்று கணியம் பார்த்து வைத்துக்கொள்வதற்குள் இடம் தப்பிவிட்டது. அப்புறம் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க மனுஷன் இரண்டு வருடம் போல முங்கிக்கொண்டே இருந்தார், வெளியில் சொல்லாமல். சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாடிகள் ஏதாவது பழம்பொருள் வியாபாரி வீட்டுக்குப் போயிருக்கும். 1967-ல் மைக்கேல் கட்செவ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் சைப்ரஸ் கரையோரமாக மூழ்கிய கலங்களைத் தேடி வந்தபோது அவரை அழைத்துப் போய்க் காட்டினார்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "நங்கூரம் இழுத்துச்சுன்னா அடி மணலால்லா இருந்திருக்கும்?" ஆமாம், மணல்தான். மணலால்தான் கப்பலே மிஞ்சியது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு உண்டு, அது மணலுக்கடியில் புதைந்த மரத்தை அண்டாது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து தரைதட்டி, மெல்ல மெல்ல மணலுக்குள் அமுங்கி, புழு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேல் பகுதி போயிற்று, அடிப்பகுதி தங்கிற்று. மொத்தத்தில் பாதிக்கும் மேலான உடல் கிடைத்தது. இவ்வளவு பழைய கிரேக்க வணிகக் கப்பல் ஒன்று இவ்வளவு முழுசாகக் கிடைத்தது அதற்கு முன்னால் இல்லை.

1968, 69 இரண்டு கோடையிலும் தோண்டினார்கள். அந்த ஆழத்தில் ஒருவர் கொஞ்ச நேரம்தான் வேலை செய்ய முடியும், மேலே வரும்போதும் அவசரப்படாமல் நின்று நின்று வரவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளையே முடக்கிவிடும். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். ஏறக்குறைய 400 சாடிகள். இரண்டு கைப்பிடி வைத்து அடி கூம்பிய இந்த ரகத்துக்கு ஆம்போரா என்று பெயர், பெரும்பாலானவை ரோட்ஸ் தீவுச் சாடிகள், மது கொண்டுபோகும் வகை. (அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடித் துண்டுகளிலும் ரோட்ஸ் சரக்கு உண்டு. ஆனால் அவை இந்தக் கப்பலுக்குப் பல தலைமுறை பிந்தியவை. இதற்கும் சங்கப் பாட்டில் வரும் யவனர் தேறலுக்கும், அதாவது அவர்கள் கொண்டுவந்த மதுவுக்கும், நேர் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான், போட முடியாது.) சாடிகளுக்கு அடியில், கப்பலின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டையான ஏராவை ஒட்டி வரிசையாக 29 திரிகைக் கற்கள், எரிமலைப் பாறையில் வெட்டியவை. விற்கவும் ஆகும், விற்கும் வரை கப்பல் ஆடாமல் நிற்க அடிபாரமாகவும் இருக்கும். இந்த ஒன்றைக் கேட்டதும் மாமாவுக்கு அந்தக் கப்பல்காரர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. "சும்மா மண்ணக் கட்டிக்கிட்டுப் போறதுக்குக் கல்லக் கட்டிக்கிட்டுப் போனா காசாச்சு. வெவரமான ஆளுக."

அப்புறம் பாதாம். எண்ணிப் பார்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். சாக்கில் இருந்திருக்கும் போல, சாக்கு மக்கிப் போய்க் கொட்டை மட்டும் குவியலாக நின்றது. பருப்பு போய் ஓடு மட்டும்தான், ஆனால் ஓடு அப்படியே இருந்தது. அருங்காட்சியகப் படங்களில் பார்த்தால் நேற்று உடைக்காமல் விட்ட மாதிரி இருக்கிறது.

எனக்கு இந்தக் கப்பலில் பிடித்ததே சரக்கு கிடையாது, ஆட்களின் சாமான்தான். குடிக்கும் கிண்ணம் நாலு. எண்ணெய்க் குப்பி நாலு. உப்புத் தட்டு நாலு. மரக் கரண்டி நாலு. இதிலிருந்து நாலு பேர் ஓட்டிய கப்பல் என்று முடிவு செய்தார்கள், இதைவிடத் தெளிவாக ஒரு ஆள்கணக்கு கல்வெட்டில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் 300 போலக் கிடைத்தன, அதாவது போகிற வழியில் மீன் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். கப்பலில் அடுப்பு இருந்த தடயம் இல்லை, செப்பு அண்டா ஒன்று இருந்தது. பொழுது சாயக் கரை ஒதுங்கி, இறங்கி, அண்டாவை வைத்து மீனை வேகவைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து தின்றிருப்பார்கள் என்று ஊகம். தோணியில் அடுப்பு உண்டு என்று மாமா குறுக்கிட்டார். மணல் பரப்பிய பெட்டிக்குள் வைப்பார்களாம், சமையலுக்கென்று ஒரு பையன் இருப்பானாம், அவர் தோணி ஏறிய முதல் வருடம் அந்தப் பையனே அவர்தான். மீன் குழம்பை அலை தட்டிவிட்டு அடி வாங்கிய கதையை அரைமணி நேரம் சொன்னார். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, கப்பலைக் கட்டிய விதத்துக்கு வருவோம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகக் கை பரபரக்கிறது.

மரக்கப்பல் கட்டுவது என்றால் நமக்கு மனதில் வருவது என்ன? ஏராக்கட்டையைக் கிடத்தி, அதன் மேல் விலா எலும்பு மாதிரி வங்குகளை நிறுத்தி, அதற்கு வெளியே பலகை அடிப்பது. கைரீனியா கப்பல் தலைகீழ். முதலில் பலகை, அப்புறம்தான் வங்கு. ஏராவின் விளிம்பில் உளியால் ஒரு பொளி எடுக்கிறார்கள், அதில் கருவாலி (ஓக்) மரத்தில் செய்த தட்டையான நாக்கு ஒன்றைச் செருகுகிறார்கள். அடுத்த பலகையின் விளிம்பில் அதே இடத்துக்கு நேராக இன்னொரு பொளி. நாக்கு இரண்டுக்குள்ளும் போய் உட்கார்ந்ததும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று மர முளை அடித்துப் பூட்டுகிறார்கள். பிறகு ஏறத்தாழ அரைச் சாண் தள்ளி அடுத்த நாக்கு. இப்படியே பலகை மேல் பலகையாக, 14 மீட்டர் நீளக் கப்பலின் முழு உடலும், உள்ளே ஒரு வங்குகூட இல்லாமல், ஒரு பெரிய கிண்ணம் மாதிரி வளைந்து எழும்புகிறது. நாக்குகள் ஆயிரக்கணக்கில். ஒரு பொளி அரை விரல் தள்ளிப் போனாலும் பலகை உட்காராது. பலகைகள் அவ்வளவு நெருக்கமாகக் கூடியதால் இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும் வேலையே இல்லை. உடல் எழுந்த பிறகுதான் வங்கு வெட்டி உள்ளே பொருத்துகிறார்கள், செப்பு ஆணி அடித்து நுனியை மடக்குகிறார்கள். சைப்ரஸ் அந்தக் காலத்தில் செம்புக்குப் பேர் போன தீவு, ஐரோப்பிய மொழிகளில் செம்புக்கு உள்ள பெயரே அந்தத் தீவின் பெயரிலிருந்துதான் போனது.

மாமா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "அவ்வளவுக்கும் உளியா?" என்றார். "கூலி எப்படிக் கட்டுபடியாச்சு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டுபடியாகாமல்தான் போகப்போக இந்த முறை கைவிடப்பட்டது என்று நினைக்கிறேன். பிந்தைய நூற்றாண்டுகளின் கலங்களில் நாக்குகள் தள்ளித் தள்ளி, தளர்வாக வருகின்றன, கடைசியில் வங்கு முதலில் என்ற முறை மத்தியதரைக் கடலில் வந்து சேர்கிறது.

இந்த விவரமெல்லாம் கிடைத்ததற்குக் காரணமானவர் ஒரு எலக்ட்ரீஷியன். நிஜமாகத்தான். ரிச்சர்ட் ஸ்டெஃபி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடும்பத்தோடு மின்வேலை ஒப்பந்தத் தொழில் செய்தவர். பொழுதுபோக்குக்குக் கப்பல் மாதிரிகள் செய்வார். தொல்லியல் பட்டம் எதுவும் கிடையாது. கடலடித் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸோடு பழக்கம் ஏற்பட்டு, மூழ்கிய கலங்களின் அளவுகளை வைத்து மாதிரிகள் செய்துகொடுக்க ஆரம்பித்து, கடைசியில் தொழிலை விட்டுவிட்டு மனைவி பிள்ளைகளோடு கைரீனியாவுக்கே வந்து குடியேறினார். கைரீனியா கோட்டைக்குள் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த மரத் துண்டுகளை ஒன்று சேர்ப்பது அவர் வேலை. ஆயிரக்கணக்கான துண்டுகள், அத்தனையும் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி. காயவிட்டால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளை உள்ளே ஏற்றி இறுக வைத்தார்கள். ஸ்டெஃபி ஆணித் துளையையும் பொளியின் சரிவையும் பார்த்துப் பார்த்தே எந்தத் துண்டு எங்கே என்று கண்டுபிடித்துக் கம்பியில் கோத்து நிறுத்தினார். வரைபடம் போட்டுவிட்டு அதற்குள் துண்டுகளைத் திணிக்கிற ஆள் அல்ல அவர், துண்டுகள் எப்படி வளையச் சொல்கின்றனவோ அப்படி விட்டுப் பார்க்கிற ஆள். 1985-ல் அவருக்கு அமெரிக்காவின் பெரிய கௌரவங்களில் ஒன்றான மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. பட்டம் வாங்கிய எத்தனை பேர் வயிறு எரிந்ததோ.

அவர் கோத்து நிறுத்தியபோது தெரிய வந்த இன்னொரு விஷயம், இது அரதப் பழைய கப்பல். மூழ்கும்போதே கிழம். ஏரா ஒருதரம் உடைந்து ஒட்டுப் போட்டிருக்கிறது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பலகை மாற்றியிருக்கிறது. பாய்மரத்தின் அடிக்கட்டை இடம் மாற்றப்பட்டிருக்கிறது. கடைசிக் காலத்தில் நீர் கசிவு தாங்காமலோ புழுவுக்குப் பயந்தோ வெளிப்புறம் பூராவும் ஈயத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். தாத்தா தோணியைப் பற்றி அம்மா சொல்வாள், அதில் முதல் பலகை எது என்று யாருக்கும் தெரியாது என்று. இங்கேயும் அதே கதைதான்.

எப்படி மூழ்கியது? கட்செவ் ஒரு கதை சொன்னார், அதை அவருடைய மனைவி சூசனும் பிற்பாடு எழுதியிருக்கிறார். கப்பலில் பணம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, சில்லறைச் செப்புக் காசுகள்தான். ஆட்களின் சொந்த உடைமை என்று மதிப்புள்ளது எதுவும் இல்லை. ஆனால் உடலுக்கு வெளியே இரும்பு ஈட்டி முனைகள் கிடந்தன. அதோடு, மடித்து ஆணி அடித்த ஒரு ஈயத் தகடு. அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் ஒருவருக்குச் சாபம் போட வேண்டும் என்றால் ஈயத் தகட்டை மடித்து ஆணி அடித்து ஒளித்து வைப்பார்கள், நம்மூரில் செய்வினைத் தகடு புதைக்கிற மாதிரி. கடற்கொள்ளைக்காரர்கள் ஆட்களையும் பொருளையும் பிடித்துக்கொண்டு, குற்றம் வெளியே வராமல் இருக்கச் சாபத்தை அடித்து வைத்துவிட்டுக் கப்பலை மூழ்கடித்தார்கள் என்பது கட்செவின் ஊகம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. எனக்கும் பாதி நம்பிக்கைதான். கிழட்டுக் கப்பல், பாரம் ஏற்றிய கப்பல், துறைமுகத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது புயலில் வாய் பிளக்கக் கொள்ளைக்காரன் தேவையே இல்லை. மாமாவும் அதே கட்சி. "நாலு பேரு, வாய்க்கும் வயித்துக்கும் ஓட்டுறவன், அவன்கிட்டப் போயி எவன் கொள்ளையடிப்பான்?" ஆனால் ஆட்களை அடிமையாக விற்கலாமே மாமா, அந்தக் காலத்தில் அதுதானே பெரிய வரும்படி என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காலக் கணக்கிலும் ஒரு சுவாரஸ்யம். மரத்தைக் காப்பாற்றிய அதே வேதிப்பொருள், பொருளில் உள்ள கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்புக்கு எமனாகிவிட்டது, ஏனென்றால் அது பெட்ரோலியத்திலிருந்து செய்வது, கோடிக்கணக்கான வருடப் பழைய கரிமத்தை மரத்துக்குள் ஏற்றிவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டர்ட் மேனிங் குழு 2024-ல் இதற்கு வழி கண்டது. அந்த வேதிப்பொருளைக் கழுவி எடுக்கும் முறையைச் சரிசெய்தார்கள், வேதிப்பொருள் படாத பாதாம்களையும், விளையாடவோ குறி பார்க்கவோ கப்பலில் வைத்திருந்த ஒரு விலங்கின் கணுக்கால் எலும்பையும் சோதித்தார்கள். கப்பல் மூழ்கியது பெரும்பாலும் கி.மு. 286-க்கும் 272-க்கும் இடையில் என்று வந்தது. எனக்கு அந்த எலும்புதான் கண்ணிலேயே நிற்கிறது. காற்று விழுந்த மத்தியானங்களில் நாலு பேரும் அதை உருட்டி என்ன பந்தயம் கட்டினார்களோ.

இவ்வளவும் படித்த பிறகு ஆல்பத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது, என் தபால்தலையில் இருப்பது அந்தக் கப்பலே அல்ல.

1974 ஜூலை 15 அன்று, கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு. ஜூலை 20 அன்று துருக்கிப் படை கைரீனியாவுக்கு மேற்கே சில மைல் தள்ளிக் கரை இறங்கியது. தீவு இரண்டாகப் பிளந்தது. வடக்கிலிருந்த கிரேக்க சைப்ரஸ்காரர்கள் லட்சத்துக்கும் மேல் வீடு வாசலை விட்டுத் தெற்கே ஓடினார்கள், தெற்கிலிருந்த துருக்கி சைப்ரஸ்காரர்கள் பல்லாயிரம் பேர் வடக்கே போனார்கள். அதற்குப் பத்து வருடம் முந்தைய கலவரங்களில் ஏற்கெனவே ஒருதரம் வீடிழந்தவர்களும் அவர்களில் உண்டு. கைரீனியா வடக்கில். கோட்டை வடக்கில். கோட்டைக்குள் கோத்து நிறுத்தி முடித்திருந்த கப்பலும் வடக்கில். சண்டையில் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அங்கேயே இருந்தது, இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. அதைக் கடலில் கண்டெடுத்த கரியோலு குடும்பம் தெற்கில்.

கப்பலை எட்ட முடியாதவர்கள் கப்பலைத் திரும்பக் கட்டினார்கள். கிரேக்கத்தில் ஹாரி ட்ஸாலஸ் என்பவர் தொடங்கிய கடல் மரபுப் பாதுகாப்பு நிறுவனமும் கட்செவ், ஸ்டெஃபி ஆகியோரும் சேர்ந்து, ஏதென்ஸ் பக்கத்துப் பெராமாவில், மனோலிஸ் ப்ஸாரோஸ் என்ற கப்பல் தச்சரைக் கொண்டு, பலகை முதலில் வங்கு பிறகு என்ற அதே முறையில், பொளி பொளியாக. 1982-ல் தொடங்கி 1985-ல் கடலில் இறக்கினார்கள். பெயர் கைரீனியா இரண்டு. 1986-ல் நியூயார்க் விழாவுக்குப் போய்வந்து, அந்த இலையுதிர் காலத்தில் கிரேக்கத்திலிருந்து பாய் விரித்துச் சைப்ரஸின் தென்மேற்கில் உள்ள பாஃபோஸுக்கு வந்தது. கைரீனியாவுக்குப் போக முடியாதே. சாதாரணக் காற்றில் மணிக்கு மூன்று கடல் மைல் போல ஓடியது, நடையைவிடக் கொஞ்சம் வேகம். நான் ஒற்றி ஒட்டிய தலை இந்தக் கப்பலுடையது. 1987-ல் சைப்ரஸ் வெளியிட்ட தொகுப்பு. பின்னால் 2002-ல் கைரீனியா லிபர்டி என்று இன்னொன்றும் கட்டினார்கள், அதை ஓட்டியவர் கரியோலுவின் மகன் கிளாஃப்கோஸ். 2008-ல் சைப்ரஸ் யூரோவுக்கு மாறியபோது 10, 20, 50 சென்ட் காசுகளிலும் இந்தக் கப்பலைத்தான் போட்டார்கள். போன வருடம் ஒரு நண்பர் ஐரோப்பாவிலிருந்து வந்தபோது அவருடைய பையில் கிடந்த சில்லறையில் ஒரு 20 சென்ட் இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தபால்தலை சேர்ப்பவனுக்கு இதில் இன்னொரு கூத்து. கப்பல் இருக்கும் வடக்கும் தனியாகத் தபால்தலை வெளியிடுகிறது, ஆனால் துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அந்த ஆட்சியை அங்கீகரிக்காததால், உலகத் தபால் ஒன்றியத்தில் அதற்கு இடம் கிடையாது. அங்கே ஒருவருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் முகவரியில் 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுத வேண்டும். மெர்சின் என்பது எதிர்க்கரையில், கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள துருக்கி ஊர். ஆக, அசல் கப்பல் இருக்கும் ஊருக்கு நேராக ஒரு கடிதம் போகாது, அசல் இல்லாத நாடு அதன் படத்தைக் கடிதத்தில் ஒட்டி உலகம் பூராவும் அனுப்பியது. அதில் ஒன்று தூத்துக்குடிக்கும் வந்தது.

வாய்க்காலில் ஊற்றிய அந்தக் கறுப்புத் தலை என்ன என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அகதிகள் நிதித் தலை. கிரேக்கம், துருக்கி, ஆங்கிலம் மூன்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரு சென்ட் விலை. 1974-க்குப் பிறகு வந்தது, சைப்ரஸில் தபாலில் சேர்க்கும் கடிதத்தில் வேறு எந்தத் தலை ஒட்டினாலும் இதையும் கட்டாயம் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே உறையில், பக்கத்துப் பக்கத்தில், லிமசோல் முத்திரை இரண்டின் மேலும் விழுந்து வந்திருக்கும். நான் கிழித்துக் கழுவியதில் அந்த முத்திரையும் போயிற்று. இப்போது இணையத்தில் அந்தச் சின்னத் தலையை ஒரு டீ விலைக்கு விற்கிறார்கள், வாங்கிப் போட்டிருக்கிறேன், ஆல்பத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் உறையோடு அப்படியே கிடக்கிறது.

2003 ஏப்ரலில் எல்லைக் கடவுகளைத் திறந்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் கடவுச்சீட்டைக் காட்டித் தெற்கிலிருந்து வடக்கே போய், கோட்டைக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கப்பலைப் பார்க்கலாம். மங்கிய விளக்கில், குளிர்ந்த அறையில், கறுத்துப்போய், விலா தெரிய நிற்கிறது. போனவர்கள் எடுத்த படங்களை மாமாவுக்கு என் டேப்லெட்டில் காட்டினேன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் துடுப்பு மாதிரி ஒவ்வொரு சுக்கான் இருந்திருக்கும் என்று விளக்கினேன், பாயில் தைத்த ஈய வளையங்களுக்குள் கயிறு ஓட்டி, ஜன்னல் திரையை மேலே சுருட்டுவது போலப் பாயைச் சுருக்குவார்கள் என்றும் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இது தாத்தா தோணி மாதிரியே இல்லை மாமா, அப்போது எதற்கு அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவருக்கு எழுதியதே ஞாபகம் இல்லை.

கடைசியாகச் சாமான்கள் வைத்திருக்கும் பெட்டியின் படம் வந்தது. கிண்ணம், குப்பி, தட்டு, கரண்டி. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினார்.

"நாலும் ஒண்ணு போலல்லா இருக்கு," என்றார். "இதுல தண்டலுக்கு எது?"